இரண்டு நியமனக் கடிதங்கள்: புதிய தாதி கையொப்பமிடுமுன்

தாதியர் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவருக்குச் சில வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட நியமனக் கடிதங்கள் வந்து சேர்வதுண்டு. அவ்வேளையில் வீட்டில் நடைபெறும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே அமைகிறது: எது கூடத் தருகிறது? கேள்வி நியாயமானதே. மூன்று ஆண்டுக் கல்விக் கடன் தலைமேல் இருக்கும்போது சம்பளத்தைப் பாராமல் இருக்க முடியாது. ஆயினும் கடிதத்தின் முதற் பக்கத்தில் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்ட தொகை சம்பளத்தின் ஒரு பகுதி மட்டுமே என்பதும், முதலாவது ஆண்டில் சம்பளத்தைவிட முக்கியமானது வேறொன்று உண்டு என்பதும் பலருக்குப் பின்னரே தெரியவருகின்றன.

எடுத்துக்காட்டாக, வெளி இலண்டனில் வசிக்கும் ஒரு மாணவியிடம் இரண்டு கடிதங்கள் உள்ளன என வைத்துக்கொள்ளலாம். ஒன்று, தேசிய சுகாதார சேவையின் வைத்தியசாலை ஒன்றில் பொது மருத்துவ வார்டில் பாண்ட் 5 தரப் பதவி. மற்றையது, வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதூரத்தில் உள்ள தனியார் முதியோர் தாதியப் பராமரிப்பு இல்லம். அது மணிக்கு 21 பவுண் தருவதாகவும், வாரத்துக்கு 36 மணிநேர வேலை எனவும் கூறுகிறது.

தொகையை முழுமையாகக் கணக்கிடுதல்

2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டில் இங்கிலாந்தில் பாண்ட் 5 தரத்தின் ஆரம்பச் சம்பளம் 31,049 பவுண். வெளி இலண்டனில் பணிபுரிபவருக்கு வாழ்க்கைச் செலவுக்கான மேலதிகக் கொடுப்பனவு ஏறத்தாழ 4,700 பவுண் சேர்கிறது. வாரம் 37.5 மணிநேரம் என்ற கணக்கில் இது மணிக்கு 18 பவுணைச் சற்றே தாண்டும். பராமரிப்பு இல்லத்தின் 21 பவுண் ஆண்டுக்கு 39,300 பவுணாகிறது. ஆகவே முதற் பார்வையில் இல்லமே ஆண்டுக்கு 3,600 பவுண் அளவில் முந்தி நிற்கிறது.

அடுத்த வரியை வாசிக்கும்போது கணக்கு மாறுகிறது. தேசிய சுகாதார சேவையில் பாண்ட் 5 தாதி ஒருவர் வாரநாள் இரவுகளிலும் சனிக்கிழமைகளிலும் பணிபுரிந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும், ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாட்களில் 60 சதவீதமும் மேலதிகமாகப் பெறுகிறார். மாதத்துக்கு நான்கு வாரநாள் இரவுகளும் இரண்டு ஞாயிறுகளும் என்று வைத்துக்கொண்டால் இதுவே மாதம் 400 பவுண் அளவில் வரும். பராமரிப்பு இல்லம் இரவுக்கும் ஞாயிறுக்கும் அதே 21 பவுணையே தருகிறதா என்பதைக் கடிதம் சொல்லாவிட்டால் கேட்டு, எழுத்தில் பெற வேண்டும். தருகிறது எனில் முந்தியது எது என்பது தலைகீழாகிவிடும்.

விடுமுறையையும் பார்க்கலாம். சட்டம் கோரும் குறைந்தபட்சம் பொது விடுமுறைகள் உட்பட 28 நாட்கள். தேசிய சுகாதார சேவை தொடக்கத்திலேயே 27 நாட்களோடு 8 பொது விடுமுறைகளைத் தருகிறது. சுகவீனமுற்றால் முதலாவது ஆண்டில் ஒரு மாதம் முழுச் சம்பளமும் இரண்டு மாதம் அரைச் சம்பளமும் உண்டு. தனியார் இல்லம் ஒன்று சட்டபூர்வக் கொடுப்பனவை மட்டுமே தருவதாயின் 2025-26 கணக்கில் அது வாரத்துக்கு 118.75 பவுண். நோயாளிகளிடையே வேலை செய்பவர் முதலாவது பனிக்காலத்தில் ஒருமுறையாவது நோயுறுவது வழமையே.

ஓய்வூதியத்தைப் பற்றி இருபத்திரண்டு வயதில் எவரும் கேட்பதில்லை. தேசிய சுகாதார சேவைத் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் அவ்வாண்டுச் சம்பளத்தின் 54 இல் ஒரு பங்கு, ஆயுட்கால ஓய்வூதியமாக வரவு வைக்கப்படுகிறது. மேற்கண்ட சம்பளத்தில் ஒரே ஆண்டு வேலை செய்தாலே, ஓய்வுபெற்ற பின் ஆண்டுதோறும் 660 பவுண் அளவிலான உரிமை சேர்கிறது. அதன் பெறுமதியும் காலத்தோடு உயர்த்தப்படுகிறது. இதற்காகத் தாதியின் சம்பளத்திலிருந்து ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கழிக்கப்படும் என்பதையும் மறைக்கலாகாது. கைக்கு வரும் தொகை குறைவாகத் தெரிவதற்கு இதுவே காரணம். தனியார் துறையில் தொழில்தருநரின் சட்டபூர்வக் குறைந்தபட்சப் பங்களிப்பு, தகுதிபெறும் ஊதியத்தின் 3 சதவீதம் மட்டுமே.

விரைவில் குடும்பம் அமைக்க எண்ணுபவர் மகப்பேற்று விடுமுறை விதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. தேசிய சுகாதார சேவையின் மேம்பட்ட மகப்பேற்றுக் கொடுப்பனவைப் பெற, குழந்தை பிறக்கவுள்ள வாரத்துக்கு முந்திய 11 ஆவது வாரத்தின் தொடக்கத்தில் 12 மாதத் தொடர்சேவை இருக்க வேண்டும். அந்தச் சேவை ஒரே வைத்தியசாலையில் அமைய வேண்டியதில்லை.

முதலாவது ஆண்டில் பக்கத்தில் நிற்பவர் யார்?

இதுவே இரு கடிதங்களையும் ஒப்பிடுவதில் முதன்மையான கேள்வி. பணம் பற்றிய தவறான தெரிவை அடுத்த வேலையில் திருத்திக்கொள்ளலாம். தாதியர் மற்றும் மருத்துவமாதர் சபையின் பதிவுக்கு ஏற்படும் களங்கத்தை அவ்வாறு எளிதில் திருத்த முடியாது.

பதிவு எண் கிடைத்த நாளிலிருந்து தாதி தன் செயலுக்குத் தானே பொறுப்பு. சபையின் தொழில் நெறிக்கோவை, ஒருவர் தமது திறனின் எல்லைக்குள் பணியாற்ற வேண்டும் என்றும், பிறரிடம் ஒப்படைக்கும் வேலைக்கும் பொறுப்புக்கூற வேண்டும் என்றும் சொல்கிறது. "ஆள் இல்லை, நீயே பார்த்துக்கொள் என்றார்கள்" என்பது விசாரணையில் சூழலை விளக்க உதவலாம், பொறுப்பை நீக்கிவிடாது. மாணவியாக இருந்தவரை மருந்துப் பட்டியலில் இன்னொருவரின் கையொப்பமும் இருந்தது. இப்போது அவருடைய கையொப்பம் மட்டுமே.

இந்த மாற்றத்தைத் தாங்குவதற்காகவே பிரிசெப்டர்ஷிப் எனப்படும் வழிகாட்டற் காலம் அமைக்கப்படுகிறது. அனுபவமுள்ள தாதி ஒருவர் புதியவருக்கு வழிகாட்டியாக நியமிக்கப்பட்டு, குறிப்பிட்ட இடைவெளிகளில் சந்தித்து, அவர் எதைத் தனியே செய்யலாம், எதை இன்னும் செய்யலாகாது என்பதை மதிப்பிடுவார். இதற்கான கோட்பாடுகளைச் சபை 2020 இல் வெளியிட்டது. இங்கிலாந்துக்கான தேசியச் சட்டகம் 2022 இல் வந்தது. எனினும் இது தொழில்தருநர் மீதான சட்டக் கட்டாயம் அன்று. ஆகவே நேர்முகத்தில் "ஆம், எங்களிடம் உண்டு" என்ற பதில் போதாது. வழிகாட்டி எந்த வார்டில் வேலை செய்கிறார், அவரும் புதியவரும் ஒரே பணிமுறையில் எத்தனை நாட்கள் இருப்பர், ஆளணிக் கணக்கில் சேர்க்கப்படாத தொடக்க நாட்கள் எத்தனை, அந்நாட்களில் வேறு தாதி வராவிட்டால் புதியவரைக் கணக்கில் சேர்த்துவிடுவார்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலே பெரும்பாலும் உண்மை நிலையைக் காட்டும்.

பராமரிப்பு இல்லத்திடம் மேலும் ஒரு கேள்வி உண்டு: இரவில் கட்டடத்தில் பதிவுபெற்ற தாதியர் எத்தனை பேர்? ஒருவரே என்றால், தகுதிபெற்று இரண்டே மாதமான அந்த ஒருவர்தாம் அதிகாலை மூன்று மணிக்கு விழுந்து கிடக்கும் முதியவருக்கு அம்புலன்ஸ் அழைப்பதா என முடிவெடுப்பார். பராமரிப்பு உதவியாளர்களின் வேலைக்கும் அவரே பொறுப்பு. அந்த மேலதிக 3 பவுண் எதற்கான விலை என்பது இங்கே தெளிவாகும்.

இதனால் பராமரிப்பு இல்லங்கள் புதியவருக்கு ஏற்றவை அல்ல என்று கொள்வது அநீதி. மறதி நோய், புண் பராமரிப்பு, இறுதிக்காலப் பராமரிப்பு ஆகியவற்றை ஆழமாகக் கற்க நல்லதோர் இல்லத்தைவிடச் சிறந்த இடம் குறைவு. தமிழ் முதியவர்கள் வாழும் இல்லத்தில் தமிழ் பேசும் தாதியின் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபுறம், வழிகாட்டற் காலம் காகிதத்தில் மட்டும் உள்ள வைத்தியசாலை வார்டுகளும் உண்டு. பராமரிப்புத் தர ஆணைக்குழு வைத்தியசாலைகளையும் இல்லங்களையும் பரிசோதித்து வெளியிடும் அறிக்கைகளை எவரும் இலவசமாகப் படிக்கலாம். அவற்றில் தர மதிப்பீட்டை மட்டும் பாராது, ஆளணி பற்றிய பந்தியைத் தேடிப் படிப்பது பயன் தரும். பணிமுறை மாறும் நேரத்தில் ஒரு மணிநேரம் அங்கு போய்ப் பார்க்க அனுமதி கேட்கலாம். மறுக்கும் இடத்தைப் பற்றி மீண்டும் சிந்திப்பது நன்று.

கடிதத்தின் சட்டப் பெறுமதி

முதலில் வரும் கடிதம் ஏறக்குறைய எப்போதும் நிபந்தனைக்குட்பட்டது. அடையாளம், நாட்டில் வேலை செய்யும் உரிமை, தொழிற்பதிவு, முந்திய வேலை வரலாறும் நற்சான்றுகளும், குற்றப் பதிவு, தொழில்சார் சுகாதாரம் ஆகியவற்றின் சோதனைகள் முடிந்த பின்னரே அது உறுதியாகும். நிபந்தனை நிறைவேறாவிடில் தொழில்தருநர் விலகிக்கொள்ளலாம். ஆகவே தற்போதைய பகுதிநேர வேலையைத் துறப்பதும், மற்றைய கடிதத்தை மறுப்பதும், நிபந்தனையற்ற உறுதிக் கடிதமும் தொடக்கத் திகதியும் கைக்கு வந்த பின்னரே.

உறுதியான நியமனத்தை ஏற்றுக்கொண்டால் ஒப்பந்தம் உருவாகிவிடுகிறது. வாய்மொழியாக ஏற்றாலும் அப்படியே. பின்னர் மனம் மாறினால் அது சட்டப்படி ஒப்பந்த மீறலாகலாம். இதற்காக வழக்கிடுவோர் அரிது. ஆனால் தாதியர் உலகம் சிறியது, அதே மேலாளரை வேறோர் இடத்தில் சந்திக்க நேரலாம். தொலைபேசியில் உடனே "சரி" என்பதைவிட, "நன்றி, எழுத்தில் அனுப்புங்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தருகிறேன்" என்பது முறையானது. அதை எவரும் தவறாகக் கொள்ளார்.

கையொப்பமிடுமுன் மூன்று வாசகங்களைத் தேட வேண்டும். முதலாவது, பயிற்சிச் செலவை மீளச் செலுத்தும் வாசகம்: எவ்வளவு தொகை, எத்தனை மாதத்துக்கு, காலத்தோடு குறைகிறதா? எழுத்துமூல உடன்பாடு இருந்தால் அத்தொகையைக் கடைசிச் சம்பளத்திலிருந்தே கழிக்க இடமுண்டு. இரண்டாவது, முன்னறிவித்தற் காலம். ஒரு மாதம் பணிபுரிந்த பின் சட்டம் ஊழியரிடம் கோருவது ஒரு வாரமே. ஒப்பந்தம் பல வாரங்களைக் கோரலாம். மூன்றாவது, வாரத்துக்குச் சராசரி 48 மணிநேரம் என்ற வரம்பிலிருந்து விலகும் படிவம். இது மற்றைய தாள்களோடு சேர்ந்தே வருவதுண்டு. கையொப்பமிடும்படி எவரும் வற்புறுத்த முடியாது. இட்டாலும் பின்னர் முன்னறிவித்தலோடு மீளப் பெறலாம்.

விசா அனுசரணையில் உள்ளவர் வேறு தொழில்தருநரிடம் மாறுவதற்குப் புதிய விண்ணப்பம் செய்ய வேண்டும் என்பதால், அவருக்கு முதற் தெரிவே கூடுதல் பாரமுடையது. அவர் குடிவரவுச் சட்ட ஆலோசனை பெற்ற பின்னரே முடிவெடுக்க வேண்டும். ஏனையோர் ஒப்பந்தத்தில் விளங்காத வாசகத்தை ஏகாஸ் நிறுவனத்திடமோ, சிட்டிசன்ஸ் அட்வைஸ் அலுவலகத்திடமோ இலவசமாகக் கேட்கலாம். தொழிற்சங்கத்தில் மாணவர் அங்கத்தினராக இருப்பவர் சங்கத்திடமும் கேட்கலாம்.

முடிவு செய்த பின், ஏற்காத இடத்துக்கு இரண்டு வரி போதும்: வாய்ப்புக்கு நன்றி, இம்முறை வேறொரு பதவியை ஏற்றுள்ளேன். காரணம் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தின் பிரதியைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.