மார்கழிப் பனியும் பச்சைப் பொம்மையும்

ஏதென்ஸில்கூடப் பனி கொட்டியதாமே, நம் ஊரிலும் கொட்டுமா? மார்கழிப் பனிக்கே என் பீங்கான் பொம்மைகள் சரியாகக் காயாமல் சூளையில் வெடிக்கின்றன. – ஒரு வாசகி, விருத்தாசலம்

கொட்டாது, கவலையே வேண்டாம். 2021 பிப்ரவரியில் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றை வெண்பனி மூடியது வடக்கிலிருந்து இறங்கிய குளிர்காற்றால். நமக்கு அதை இமயமலை மறித்துவிடுகிறது. உறைபனி பார்க்க ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவுக்குத்தான் போகவேண்டும்.

உங்கள் பொம்மையைக் கெடுப்பது காற்றின் ஈரம். மண்ணுக்குள் தங்கிய நீர் 100 டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கிறது. பொழுது சாயுமுன் பொம்மைகளை உள்ளே எடுத்துவிடுங்கள். காலையில் பனி விலகி வெயில் ஏறியதும் வெளியே வையுங்கள். சூளையில் அடுக்குமுன் ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். சில்லென்றிருந்தால் உள்ளே இன்னும் ஈரம். இன்னொரு நாள் காயட்டும். தொடக்கச் சூட்டை மெதுவாக ஏற்றுங்கள், அடி தடித்த பிள்ளையார் இருந்தால் இன்னும் மெதுவாக.