மம்பட்டிக் கணைக்கு எந்த எண்ணெய்?

போன சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் எங்கள் கொட்டகையில் பொசுங்கல் வாடை அடித்தது. மத்தியானம்தான் மம்பட்டிக் கணைகளுக்கு எண்ணெய் போட்டு முடித்து, துடைத்த பழந்துணிகளைச் சுருட்டிச் சாக்கில் திணித்து மூலையில் வைத்திருந்தேன். சாக்கைத் தொட்டால் சுடுகிறது. வெளியே இழுத்துப் போட்டதும் புகை கிளம்பியது. ஒரு குடம் தண்ணீர் ஊற்றித்தான் அடங்கியது. பக்கத்தில் பருத்திமார்க் கட்டு. மேலே பரணில் புரட்டாசிப் பட்டத்துக்கு வைத்திருந்த உளுந்து, குதிரைவாலி விதை. பீடி, தீப்பெட்டி எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை. நெருப்பு அந்த எண்ணெய்த் துணியிலேயே இருந்தது.

ஏன் என்று தெரிய, எண்ணெய்களில் இரண்டு சாதி உண்டு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சில எண்ணெய் காற்றுபட்டால் இறுகி மெல்லிய தோல் போல் ஆகிவிடும். சில எண்ணெய் எத்தனை நாளானாலும் எண்ணெயாகவே இருக்கும். இதை அளக்க அயோடின் எண் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய்க்கு அது சுமார் 10, விளக்கெண்ணெய்க்கு 85 பக்கம், நல்லெண்ணெய்க்கு 110 பக்கம். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். எண் கூடக் கூட அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து நன்றாக இறுகும். கடற்கரையில் மர வள்ளங்களுக்கு மீன் எண்ணெய் பூசி வந்ததும் இந்தக் கணக்கில்தான் சேரும். சாளை எண்ணெயும் காயும் சாதி.

காயாத எண்ணெய் மட்டம் என்று சொல்லவில்லை. வண்டி இருசுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துப் போட்டார்களே, அது காயாது என்பதால்தான். அங்கே ஆளிவிதை எண்ணெயைப் போட்டால் பிசின் பிடித்துச் சக்கரம் நின்றுவிடும். அதேபோல வேப்பெண்ணெயைக் கணையில் பூசினால் கரிசல் புழுதி எல்லாம் அதில்தான் வந்து உட்காரும். நான் முதலில் செய்தது அதுதான். களை எடுக்க வந்த அக்காமார், "அண்ணாச்சி, இது பிசுபிசுங்குது, வேற கணை குடுங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்கள்.

கடையில் வாங்கும் கணையில் பளபளவென்று வார்னிஷ் அடித்திருப்பார்கள். பார்க்க அழகு. வேர்வைக் கையில் வழுக்கும், இறுக்கிப் பிடித்தால் கொப்புளம். வெயிலில் அது உரிந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். எங்கள் ஊர் ஆசாரி சொன்னபடி உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி எடுத்தேன். பிறகு 80ஆம் நம்பர் உப்புத்தாள், அடுத்து 120. ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்துக் காயவிட்டால் மரத்தின் நார் மயிர்போல் எழுந்து நிற்கும். அதை 180ஆம் நம்பரால் லேசாக இழுத்துவிட வேண்டும். இதற்கு மேல் வழவழப்பு வேண்டாம், பிடிமானம் போய்விடும்.

எண்ணெயைத் துணியில் தொட்டுத் தாராளமாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து, மரம் குடிக்காமல் மிஞ்சியதை ஒட்டத் துடைத்துவிட வேண்டும். எல்லாரும் தப்புப் பண்ணுவது இந்த இடத்தில்தான். "கூடக் கொஞ்சம் இருந்தா நல்லதுதானே" என்று விட்டால் அது இறுகாமல் கோந்தாக நிற்கும். பச்சை எண்ணெய் என்றால் ஒவ்வொரு பூச்சுக்கும் நாலைந்து நாள் பொறுக்க வேண்டும். மூன்று பூச்சு போதும். கால் லிட்டரில் எனக்குப் பத்துக் கணை முடிந்தது.

கணையில் அதிகம் குடிப்பது மம்பட்டிக் கண்ணுக்குள் போகும் வெட்டுமுனை. அந்த முனையை மட்டும் ஒரு ராத்திரி எண்ணெயில் நிறுத்தி வைக்கலாம். கணை ஆடினால் மம்பட்டியைத் தொட்டியில் ஊறப்போடுகிறோம் இல்லையா, அது அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும்.

பெயிண்ட் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' என்று கிடைப்பது சீக்கிரம் காயும். ஆனால் அதில் பெரும்பாலும் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகள் கலந்திருக்கும். முன்காலத்தில் ஈயமும் சேர்த்தார்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அகப்பை, மரக்கால், விதைப்பெட்டி மாதிரி தானியம் படுகிற சாமானுக்கு அதைத் தொடாதீர்கள். ஆளிவிதை வாங்கிச் செக்கில் ஆட்டிய எண்ணெயைப் பூசி ஒரு மாதம் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். இயற்கை விவசாயம் என்று சொல்லிக்கொண்டு விதைப்பெட்டியில் உலோக உப்பைப் பூசுவது எனக்கு ஒப்பவில்லை.

இனி அந்தத் துணி விஷயம். எண்ணெய் ஆக்சிஜனைப் பிடிக்கும்போது சூடு பிறக்கும். கணையில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணிக்குள் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் பற்றும். செக்கு எண்ணெயும் பற்றும், கடை எண்ணெய் இன்னும் சீக்கிரம் பற்றும். வேலை முடிந்ததும் துணிகளை வீடு, கொட்டகை, படப்புக்குத் தள்ளி, திறந்த வெளியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் விரித்துப் போடுங்கள். அட்டைபோல் விறைத்த பிறகு எடுத்தால் போதும். அவசரமென்றால் தண்ணீர் நிறைந்த டின்னில் முக்கி மூடி வையுங்கள். எங்கள் கொட்டகைக்குள் இப்போது எண்ணெய்த் துணி வருவதில்லை.

கறையானுக்கு இந்த எண்ணெய் மருந்து ஆகாது. மண்ணில் ஊன்றும் கம்புக்குப் பூசிக் காசை வீணாக்க வேண்டாம். பச்சை மரத்திலும் பூசக்கூடாது. வேலிக்கருவையோ உடையோ வெட்டினால் நிழலில் சில மாதம் காயட்டும். எங்கள் எட்டயபுரம் பக்கம் பங்குனி, சித்திரை வறண்ட காற்றுதான் பூச்சுக்கு ஏற்றது. ஐப்பசி ஈரத்தில் பூசினால் காய்வதற்குள் கருப்பாகப் பூஞ்சணம் பிடித்துவிடும்.