பட்டினிக்கு இடமில்லாத பதிவேடு

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் வெற்றிகளைக் கொண்டு எழுதுவது பழைய வழக்கம். எளிய மக்களின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு இறப்புப் பதிவேடே முதற் சான்றாகும். ஆயினும் அச்சான்றை அப்படியே நம்புதல் கூடாது என்பதற்கு நம் சேலம் மாவட்டமே தக்க எடுத்துக்காட்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சிற்றூர்களில் இறப்புகளைக் குறித்தவர்கள் மருத்துவர் அல்லர், ஊர் மணியக்காரர்களே. வாந்திபேதி, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், பிற காரணங்கள் என்னும் சில பிரிவுகளுள் ஒன்றில் ஒவ்வோர் இறப்பையும் அவர் அடக்கியாக வேண்டும். அம்மையை முகத்திலும் வாந்திபேதியை அதன் விரைவிலும் எவரும் அறிவர். மற்றவை பெரும்பாலும் ‘காய்ச்சல்’ ஆயின. பட்டினிக்கென அங்குத் தனி இடம் இல்லை.

இவ்வழக்கு இங்கிலாந்திலும் எழுந்ததுண்டு. அந்நாட்டில் 1837இல் இறப்புப் பதிவு தொடங்கியபோது, காரணங்களை வகைப்படுத்திய வில்லியம் ஃபார் 63 பேர் பட்டினியால் மாண்டனர் என அறிக்கையிட்டார். ஏழையர் சட்டத்தை நடத்திவந்த எட்வின் சாட்விக் அதனை வன்மையாக மறுத்தார். பசி பெரும்பாலும் நேரே கொல்வதில்லை, பல நோய்களின் வடிவில் வந்து கொல்கிறது என்பது ஃபாரின் விடை. லண்டன் திருச்சபை வட்டாரங்களின் புள்ளிகளைக் காட்டிலும் அவ்விடை சேலத்திற்கே மிகுதியும் பொருந்துகிறது.

1876இல் மழை பொய்த்தது. நம் முதியோர் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று இன்றும் சுட்டுவது இதனையே. கேணிகள் வற்றவே எஞ்சிய குட்டைநீரை மனிதரும் மாடும் ஒருங்கே பருகினர். கஞ்சித் தொட்டிகளையும் நிவாரண முகாம்களையும் நாடி மக்கள் திரண்டனர். மெலிந்த உடலும் மாசுற்ற நீரும் நெருக்கமும் கூடிய இடத்தில் வாந்திபேதி பரவியதில் வியப்பென்ன? 1877 ஓராண்டில் மட்டும் மாகாணத்தில் அந்நோய்க்கு மூன்று லட்சத்துக்கும் மிகுதியானோர் இரையாயினர். காலராக் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்து வெளிப்படுத்தியது 1884இல்தான். எனினும் 1854லேயே லண்டனில் ஜான் ஸ்நோ, நோய் குடிநீர் வழியே பரவுவதைக் காட்டியிருந்தார். அறிவு இருந்தது, அது ஆட்சியாளரின் செவியை எட்டவில்லை.

அவ்வாண்டு சனவரியில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமே போதும் என வரையறுத்தார். மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு ராத்தல்! மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உயிரைத் தாங்காது என்று எழுத்து மூலம் எதிர்த்து வாதாடினார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் போனவர் போயினர்.

1871ஆம் ஆண்டின் மாகாண மக்கள்தொகைக் கணக்கறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ் என்பது கருதத்தக்கது. அக்கணக்கில் நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தின் தொகை 19,66,995. 1881இல் அது 15,99,595. குறைவு 3,67,400, அதாவது நூற்றுக்குப் பதினெட்டுக்கும் மேல். இவர் அனைவரும் மாண்டார் எனல் பொருந்தாது. பிழைப்புத் தேடி வெளியேறியோரும் பிறவாது போன குழந்தைகளும் இதில் அடங்குவர். எனினும் பதிவேடு ‘காய்ச்சல்’ என்று மூடி வைத்ததை மக்கள்தொகைக் கணக்கே திறந்து காட்டுகிறது.

சேலம் நகராட்சி 1866லேயே அமைந்துவிட்டது. ஆயினும் திருமணிமுத்தாற்றங்கரை நகருக்குக் குடிநீர் தரும் பனமரத்துப்பட்டி ஏரி உருவாக 1911 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஆய்வு மாணவர்க்கு ஒரு சொல்: அரசுப் பதிவேட்டோடு பள்ளிவாசல், தேவாலய அடக்கக் குறிப்புகள் கிடைக்குமிடத்தில் அவற்றையும், ஊர் முதியோர் வாய்மொழியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1891ஆம் ஆண்டுக் கணக்கில் மாவட்ட மக்கள்தொகை 19,62,591. இருபது ஆண்டுகள் கழிந்தும் 1871இன் எண்ணிக்கை மீளவில்லை.