மிஸ்ஸிங் அடிக்கும் மாருதி

கேள்வி: என் பழைய கார்புரேட்டர் மாருதி 800 மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக்கை நானே மாற்றலாமா?
— வாசகர், விஸ்வநத்தம்

பதில்: தாராளமாக மாற்றலாம், உங்கள் வீட்டு வாசலில். உங்கள் ஊர்ப் பட்டாசு ஆலை, வெடிமருந்துக் கிடங்குப் பக்கம் வேண்டவே வேண்டாம். மிஸ்ஸிங் அடிக்கும் வண்டி சைலன்சர் வழியே தீப்பொறி கக்கலாம். சரியாகும்வரை அங்கே ஓட்டிப் போகவும் கூடாது.

இன்ஜின் ஆறட்டும். மூன்று பிளக்கையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வயர் வரிசை மாறினால் கோளாறு கூடும். கழற்றிய பிளக்கின் முனையைப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். அப்போது புது பிளக்கும் அதிக நாள் தாங்காது. புதியதை முதலில் கையால் திருகுங்கள், பிறகுதான் ஸ்பேனர். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது. அப்படியும் தீரவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்.