பதினோரு மாத அக்ரிமென்ட் காப்பாற்றுமா?

கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் ஆவடி, பூந்தமல்லி பக்கத்து வீட்டுப் புரோக்கர்களின் போன் ஓயாது. வேல்டெக், பனிமலர், சவீதா என்று சுற்றிலும் கல்லூரிகள். ஹாஸ்டல் பிடிக்காத பையன்கள் நாலு பேராகச் சேர்ந்து வீடு தேடுகிறார்கள். இந்தத் தொழில் சட்டத்தைவிட வழக்கத்தை நம்பித்தான் ஓடுகிறது. அந்த வழக்கத்தில் பாதி 2019-லேயே காலாவதியாகிவிட்டது.

நம்பிக்கை: 11 மாதத்துக்கு அக்ரிமென்ட் போட்டால் பதிவு தேவையில்லை.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்கிறது 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். அதிலிருந்து நழுவக் கண்டுபிடித்ததுதான் 11 மாதம். ஆனால் 22.2.2019 முதல் தமிழ்நாட்டில் வாடகைக்கென்றே தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. 11 மாதம், 12 மாதம் என்ற பேச்சே இதில் இல்லை. எழுதாமல் வாடகைக்கு விடக்கூடாது. எழுதியதை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம்.

நம் ஊர் அக்ரிமென்ட் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவரா நீங்கள்? ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்து, பெயர், ஆதார் எண், தேதி மூன்றையும் மாற்றி, பாண்டு பேப்பரில் பிரிண்ட் எடுப்பார்கள். சில சமயம் மூன்றாம் பக்கத்தில் போன வருஷத்து ஆளின் பெயர் அப்படியே நிற்கும். கையெழுத்துப் போட்ட கையோடு அது பீரோவுக்குள் போய்விடும். தகராறு என்று வந்தால், பதியாத அந்தத் தாளைச் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்கவும் வழி இருக்கிறது. ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிய புரோக்கரைத்தான் அப்போது இரண்டு பக்கமும் திட்டுவார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சட்டம் நகர்ப்பகுதிகளுக்கானது. கல்லூரி வாசலிலேயே இருந்தாலும் வீடு ஊராட்சி எல்லைக்குள் வருகிறதென்றால், அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை வந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: சென்னை என்றால் 10 மாத அட்வான்ஸ். அதுதான் சட்டம்.

சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. ஆனால் ‘மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. ஆகவே இரு தரப்பும் எழுதிக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம். வாய்ப்பேச்சில் 10 மாதம் வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் சிக்கல். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

மாணவர் வீடுகளில் இன்னொரு கூத்து நடக்கிறது. அக்ரிமென்டில் ஒருவன் பெயர், வீட்டில் நாலு பேர். படிப்பு முடிந்து போகிறவன் தன் பங்கு அட்வான்ஸை உள்ளே வருகிற ஜூனியரிடம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான். மூன்று வருஷம் இப்படிக் கை மாறினால், வீட்டில் இருக்கும் ஒருவன் பெயரும் தாளில் இருக்காது. அட்வான்ஸை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? நாலு பேரையும் தொடக்கத்திலேயே வாடகைதாரராக எழுதிவிட்டு, ஆள் மாறும்போதெல்லாம் புதிதாக எழுதிப் பதிவதுதான் வழி. அலைச்சல்தான், ஆனால் புரோக்கர் தன் கமிஷனுக்கு உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை இது.

நம்பிக்கை: வாடகை பாக்கி வைத்தால் கரண்டைப் பிடுங்கலாம்.

கூடாது. தண்ணீரையும் நிறுத்தக்கூடாது.

நம்பிக்கை: மூன்று பெட்ரூம் வீட்டில் கட்டில் போட்டு மாணவிகளைச் சேர்த்தால் அதற்கெல்லாம் லைசென்ஸ் எதற்கு?

மகளிர், குழந்தைகள் விடுதிகளுக்கென்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆவடிக்காரரும் பூந்தமல்லிக்காரரும் திருவள்ளூருக்குப் போக வேண்டும். 2018-ல் சென்னை மாவட்ட எல்லை விரிந்தபின் அம்பத்தூர்காரருக்குச் சென்னை ஆட்சியர். ஜி.எஸ்.டி. பயம் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. 15.7.2024 முதல், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள் வாங்கி, தொடர்ந்து 90 நாளாவது தங்கவைத்தால் வரி கிடையாது.

நம்பிக்கை: ரெரா எல்லாம் பெரிய பில்டர்களுக்கு, புரோக்கருக்கு இல்லை.

வாடகைக்கு வீடு காட்டுகிறவரை அது உண்மைதான். ஆனால் வீடு பார்க்க வந்த பையனின் அப்பா, “வாடகை கொடுக்கிறதுக்கு இங்கேயே ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டா என்ன?” என்று கேட்பார். நீங்களும் அவரைப் புது புராஜெக்டுக்கு அழைத்துப் போவீர்கள். அந்த புராஜெக்ட் ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிய வேண்டியதாக இருந்தால், அதை விற்றுக்கொடுக்க உங்களுக்கும் முகவர் பதிவு வேண்டும். பதியாத புராஜெக்டை விற்றுக்கொடுக்கவே கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம்.