உலருடையும் மிதப்புப் பையும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் கடலடிக்குச் சென்ற முறையைத் தமிழ் மக்கள் அறிவர். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி அவர்கள் விரைந்து இறங்குவர். அடியை அடைந்ததும் கல்லை விட்டுவிடுவர். தோணியில் இருப்போர் அவர்களைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்வர். இறங்கக் கல், ஏறக் கயிறு. நடுநீரில் அசையாது நிற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்ததில்லை. சிலிண்டரில் காற்றைச் சுமந்து ஸ்கூபா முறையில் மூழ்குபவருக்கோ அதுவே முதல் தேவை.

கடலுக்குத் தொலைவிலுள்ள பெங்களூருக்கும் இப்பொருளோடு தொடர்பு உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி, வளர்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த 'டெபெல்' என்னும் ஆய்வுக்கூடம் அங்கு இயங்குகிறது. விபத்துக்குள்ளான நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து மாலுமிகள் தப்புவதற்கான உடையையும் சுவாசக் கருவியையும் அது உருவாக்கியுள்ளது. அவ்வுடையை அணிபவரின் நோக்கம் நீர்மட்டத்தை அடைவது. ஸ்கூபா மூழ்காளரின் நோக்கம் விரும்பிய ஆழத்தில் நிற்பது. ஆகவே, உடைக்குள் இருக்கும் காற்றை இவர் அளவறிந்து ஆள வேண்டும்.

உலருடையின் இயல்பு

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. கருநாடகக் கரைக்கு அப்பாலுள்ள நேத்திராணித் தீவு போன்ற வெப்பக் கடல்களில் சாதாரண ரப்பர் உடையே போதும். குளிர்ந்த ஏரிகளிலும் வடகடல்களிலும் அது போதாது. அங்கு 'டிரை சூட்' எனப்படும் உலருடை வேண்டும். இதன் கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாத பட்டைகள் உண்டு. உள்ளே அணியும் தடித்த ஆடையில் தங்கும் காற்றே உடலின் சூட்டைக் காக்கிறது.

ஆழம் 10 மீட்டர் கூடுந்தோறும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வாயுமண்டல அளவு கூடுகிறது. அதனால் இறங்கும்போது உடைக்காற்று சுருங்கி, உடை உடலை இறுக்கும். மார்பிலுள்ள வால்வின் வழியே காற்றைச் சேர்த்து இதனைத் தவிர்க்கலாம். ஏறும்போது அதே காற்று விரியும். இதனை மேற்கையிலுள்ள வால்வின் வழியே வெளியேற்ற வேண்டும்.

இதிலுள்ள அபாயத்தை ஒரு கணக்கால் அறியலாம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 வாயுமண்டலம். அங்கு உடையில் 8 லிட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அதனை வெளியேற்றாமல் 10 மீட்டருக்கு ஏறினால் அது 16 லிட்டராகும். நீர்மட்டத்தில் 32 லிட்டராக விரிய முயலும். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோகிராம் மிதப்பைத் தருவதால், மூழ்காளர் மேன்மேலும் விரைந்து மேலே தள்ளப்படுவார். இதன் விளைவு நுரையீரல் காயமாகவோ அழுத்தக் குறைவு நோயாகவோ இருக்கலாம். தலைகீழாகச் சாய்ந்தால் காற்று கால்களுக்கு ஓடிவிடும். அப்போது கை வால்வால் பயனில்லை.

எனவே உடைக்கு வேண்டியது இறுக்கத்தைப் போக்கிச் சூட்டைக் காக்கும் அளவு காற்றே. ஒற்றைச் சிலிண்டருடன் சரியான எடை அணிந்தவருக்கு நீரடியில் இக்காற்றே பெரும்பாலும் போதும். இரட்டைச் சிலிண்டர்களின் சுமையை உடைக்காற்றால் தாங்க முயலலாகாது. அது மிதப்புப் பையின் வேலை. நீர்மட்டத்தில் மிதந்திருக்கவும் பையையே நம்ப வேண்டும்.

பையின் அளவு

பெரிய பை வாங்கினால் பாதுகாப்பு மிகும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தேவைக்கு மிஞ்சிய பையின் மடிப்புகளில் காற்று சிக்கும்; நீந்தும்போது நீரின் எதிர்ப்பும் கூடும். பை தாங்க வேண்டிய சுமையைக் கணக்கிட்டே வாங்க வேண்டும்.

முதற் சுமை, சுவாசிப்பதற்குரிய காற்றின் எடை. 12 லிட்டர் சிலிண்டரில் 200 வாயுமண்டல அழுத்தத்தில் சுமார் 2,400 லிட்டர் காற்று அடங்கும். அதன் எடை ஏறத்தாழ 2.9 கிலோகிராம். இறுதியில் சமநிலை பெறுமாறு ஈயம் அணிந்தவர், தொடக்கத்தில் இந்த அளவு கனமாக இருப்பார்.

இரண்டாவது, உடை கிழிந்து நீர் புகுந்தால் இழக்கும் மிதப்பு. உள்ளே புகுந்த நீர் மூழ்காளரைக் கீழே இழுப்பதில்லை; நீருக்குள் நீருக்கு எடை இல்லை. இழப்பது உள்ளிருந்த காற்றின் தாங்குதலையே. அதனை 10 கிலோகிராம் எனக் கொண்டால், ஒற்றைச் சிலிண்டருக்கு மொத்தத் தேவை 13 கிலோகிராம். சிறிது மிகை வைத்து 15 அல்லது 16 கிலோகிராம் தாங்கும் பை போதும். இதே அளவு இரட்டைச் சிலிண்டருக்குக் காற்றின் எடை 6 கிலோகிராமை நெருங்குவதால், 18 முதல் 20 கிலோகிராம் தாங்கும் பை தேவை. கழற்றி நீரில் விட்டாலும் கருவித் தொகுதி மூழ்காதிருக்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

வடிவமும் வால்வுகளும்

மார்பைச் சூழும் சட்டை வடிவப் பையும், முதுகுப்புறம் மட்டும் அமையும் பையும் வழக்கில் உள்ளன. பின்னது மார்பை மறைக்காததால் உடை வால்வைத் தடையின்றி இயக்கலாம். எதுவாயினும், தோள் வார் கை வால்வை மறைக்கலாகாது. தடித்த உள்ளாடைக்கு ஏற்ப வார்கள் நீள வேண்டும். தடித்த கையுறையுடனும் பொத்தான்களை அழுத்த இயல வேண்டும். உடைக்கும் பைக்கும் தனித்தனிக் காற்றுக் குழாய்கள் தேவை.

எடைச் சோதனை

கருவியைத் தேர்ந்த பின் ஈயத்தின் அளவை நிறுவ வேண்டும். சிலிண்டரில் 50 வாயுமண்டல அழுத்தம் எஞ்சும் நிலையில், 5 மீட்டர் ஆழத்தில், பையை வெறுமையாக்கி, உடையில் தேவையான அளவு மட்டும் காற்று வைத்து, மூழ்காளர் அசையாது நிற்க வேண்டும். பெங்களூரின் நீச்சற் குளத்தில் இச்சோதனையை முடித்தவர் அதே ஈயத்துடன் கடலில் இறங்கலாகாது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் அடர்த்தியானது. கருவிகளுடன் 120 லிட்டர் இடங்கொள்ளும் ஒருவருக்குக் கடலில் மேலும் 3 கிலோகிராம் ஈயம் வேண்டும். இதனை மறந்தவர், சிலிண்டர் காலியாகும் தறுவாயில் நிற்க முடியாமல் மேலே மிதந்துவிடுவார்.

அளவுக்கு மிஞ்சிய ஈயமும் தீங்கே. அதனை ஈடுசெய்ய மிகுந்த காற்று தேவைப்படும். மிகுந்த காற்று ஏறும்போது மிகுதியாக விரியும். முத்துக்குளித்தவர் கல்லை விட்டுக் கயிற்றைப் பற்றினார். உலருடை அணிந்தவருக்குக் கல்லும் கயிறும் அவர் ஆளும் காற்றே; அதன் அளவைக் கரையிலேயே கணக்கிட்டுக்கொள்வது நலம்.