முதல் மாதம் ஆசிட் வாங்காதீர்கள்

தோல் மருத்துவரிடம் வாசகர்கள் கேட்டவை

டாக்டர், எனக்கு 26 வயது. கோவையில் ஐ.டி. வேலை. பரு வந்து போன இடமெல்லாம் கன்னத்தில் கருப்பாக நிற்கிறது. வீடியோக்களைப் பார்த்து கிளைகாலிக் ஆசிட் டோனர், சாலிசிலிக் ஃபேஸ்வாஷ், வைட்டமின் சி சீரம் மூன்றையும் ஒன்றாக வாங்கி, தினமும் இரண்டு வேளை போட்டேன். முதல் வாரம் முகம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது வாரத்திலிருந்து தண்ணீர் பட்டாலே எரிகிறது. மூக்கோரம் தோல் உரிகிறது. புள்ளிகள் முன்பைவிடக் கருத்துவிட்டன. டோனர் போலியா? பிராண்டை மாற்றட்டுமா?

போலியாக இருக்கும் என்று தோன்றவில்லை. டோனர் தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நீங்கள்தான் அதை காலை ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் என்று இரண்டிலும் உட்கார வைத்துவிட்டீர்கள்.

நம் ஊரில் ஆசிட் என்றாலே பாத்ரூம் கழுவுவதுதான் ஞாபகம் வரும். முகத்துக்கு வரும் ஆசிட் அந்த வகை இல்லை. நம் தோலின் மேல்மட்டத்தில் இறந்த செல்கள் பதினைந்து இருபது அடுக்காக ஓடு வேய்ந்தது போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அடியில் புதிதாகப் பிறக்கும் செல் மேலே வந்து உதிர்வதற்கு இளவயதில் சுமார் ஒரு மாதம் ஆகும். கிளைகாலிக், லாக்டிக் போன்ற ஆசிட்கள் அந்த ஓடுகளுக்கு நடுவே இருக்கும் பிடிப்பைத் தளர்த்துகின்றன. உதிர வேண்டியது கொஞ்சம் சீக்கிரம் உதிர்கிறது. வேலை அவ்வளவுதான்.

ஆனால் கூரையில் பழைய ஓட்டை மாற்றுவது வேறு, ஓடே இல்லாமல் ஆக்குவது வேறு. அந்த அடுக்குதான் உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாமலும், வெளியே இருக்கும் எரிச்சலை உள்ளே விடாமலும் காக்கிறது. தினமும் இரண்டு வேளை உரித்தால் தண்ணீரே எரியும். முதல் வாரத்துப் பளபளப்பு, மேலடுக்கு மெலிந்து வெளிச்சம் சீராகப் பட்டதால் வந்தது. பலரும் அங்கேதான் ஏமாறுகிறார்கள். பலன் தெரிகிறதே என்று அளவைக் கூட்டிவிடுகிறார்கள்.

புள்ளி ஏன் கருத்தது? வெளிநாட்டு வீடியோக்களில் பெரும்பாலும் சொல்லாத விஷயம் இது. வெள்ளைத் தோல் எரிந்தால் சிவந்து ஆறும். நம் தோல் எரிந்தால் கருத்து நிற்கும். கொசுக்கடி, பரு, சூடு பட்ட இடம் எல்லாமே கரும்புள்ளியாக நின்றுவிடுவதற்கு, நிறமிச் செல்கள் அழற்சியைப் பார்த்ததும் சுறுசுறுப்பாகிவிடுவதே காரணம். ஆக, கருமையைப் போக்கப் போட்ட மருந்தே எரிச்சலைக் கிளப்பினால் கருமை கூடும். நம் நிறத்துக்காரர்களுக்கு ‘கொஞ்சம் எரிந்தால்தான் வேலை செய்கிறது’ என்ற பேச்சு மிகவும் ஆபத்தானது.

இதில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். 10 சதவீத கிளைகாலிக் ஆசிடை நான்கு வாரம் பூசியவர்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், புற ஊதாக் கதிரால் தோல் சிவக்கும் தன்மை 18 சதவீதம் கூடியிருந்தது. நிறுத்தி ஒரு வாரத்தில் பழையபடி ஆனது. அந்த ஒரு வாரக் கணக்கை மனதில் வையுங்கள். கடற்கரைக்கோ மலைக்கோ போவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ஆசிடை நிறுத்திவிடலாம்.

இப்போது என்ன செய்வது? மூன்று பாட்டிலையும் அலமாரியில் வைத்துவிடுங்கள். தூக்கி எறிய வேண்டாம், காசு கொடுத்து வாங்கியது. மூன்று நான்கு வாரத்துக்கு மூன்றே பொருள்: நுரை அதிகம் வராத மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், காலையில் எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். காலையில் முகத்தைத் தண்ணீரில் மட்டும் கழுவினாலும் போதும். சோப்புக் கட்டி வேண்டாம். தோலின் இயல்பான பி.எச். ஐந்தை ஒட்டி இருக்கும், சாதாரண சோப்பு ஒன்பது, பத்தில் நிற்கும்.

சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். 50 கிராம் ட்யூப் உங்களுக்கு ஆறு மாதம் வந்தால் நீங்கள் சன்ஸ்கிரீன் போடவில்லை, பொட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் புள்ளிகளில் பாதி இந்த ஒரு பொருளிலேயே மங்கத் தொடங்கலாம். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் முதல் மாதம் ஆசிட் வாங்கவே வேண்டாம் என்கிறேன். சன்ஸ்கிரீன் பழகாதவர் ஆசிட் போடுவது, குடையை வீட்டில் வைத்துவிட்டு மழைக்கோட்டைக் கழற்றுவதற்குச் சமம்.

எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகு ஆசிடுக்கு வருவோம். எல்லா ஆசிடும் ஒரே வேகத்தில் உள்ளே போவதில்லை. மூலக்கூறு சிறியதாக இருந்தால் வேகமாக இறங்கும். கிளைகாலிக்கின் மூலக்கூறு எடை 76. லாக்டிக் 90. மாண்டெலிக் 152. நீங்கள் எடுத்த எடுப்பில் பிடித்தது இருப்பதிலேயே வேகமான குதிரையை. பருவும் கருமையும் உள்ள நம் ஊர் முகத்துக்கு, மெதுவாக இறங்கும் மாண்டெலிக் அல்லது 5 சதவீத லாக்டிக் நல்ல ஆரம்பம். அதுவும் தாங்காதவர்களுக்கு குளுக்கோனோலாக்டோன் என்று ஒன்று இருக்கிறது. இன்னும் பெரிய மூலக்கூறு, ஈரத்தையும் பிடித்து வைக்கும்.

லேபிளில் உள்ள சதவீதம் பாதிக் கதைதான். மீதிக் கதை பி.எச். கிளைகாலிக் ஆசிட் பி.எச். 3.8 வாக்கில் இருந்தால் அதில் பாதிதான் வேலை செய்யும் வடிவில் இருக்கும். ஐந்துக்குப் போனால் அந்தப் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அதனால்தான் ஒரு கம்பெனியின் 10 சதவீதம் எரிக்கிறது, இன்னொன்றின் 10 சதவீதம் தண்ணீர் போல இருக்கிறது. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை மதிப்பிட்ட நிபுணர் குழு 1998-ல் சொன்ன எல்லை, வீட்டில் பயன்படுத்துவதற்கு 10 சதவீதம் வரை, பி.எச். 3.5க்குக் குறையாமல். இணையத்தில் 30 சதவீத ‘பீல்’ பாட்டிலில் விற்கிறார்கள். அது கிளினிக்கில் கடிகாரம் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம். தீபாவளிக்கு முந்தின இரவு பாத்ரூமில் செய்துவிட்டு வந்தவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

தாடையோரம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மூன்று இரவு போட்டுப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் வாரம் இரண்டு இரவு, உதாரணமாகப் புதன், ஞாயிறு. முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லியதாகப் பூசி, மேலே மாய்ஸ்சரைசர். ஈர முகத்தில் போட்டால் எரிச்சல் கூடும். கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் விட்டுவிடுங்கள். அந்த இரவுகளில் ரெட்டினால் எதுவும் வேண்டாம். வைட்டமின் சி காலையில் போட்டுக்கொள்ளலாம், ஆனால் இரண்டு மாதம் கழித்து. புருவம் த்ரெட்டிங், வாக்ஸிங் செய்கிற வாரம் ஆசிடுக்கு லீவு. புள்ளி மங்க மூன்று மாதம் ஆகும். அதற்குமேல் நின்றால் நேரில் காட்டுங்கள்.

என் மகள் முகத்தில் ஆசிட் பூசுகிறாள். பார்க்கவே பயமாக இருக்கிறது. நான் 52 வயது வரை தயிர், கடலை மாவு, எலுமிச்சை தவிர வேறு எதுவும் போட்டதில்லை. இவை போதாதா?
— ஒரு தாய், கும்பகோணம்

அம்மா, நீங்களும் இத்தனை வருடமாக ஆசிட்தான் பூசியிருக்கிறீர்கள்! தயிரின் புளிப்பு லாக்டிக் ஆசிட். ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் 1780-ல் அதைப் பிரித்தெடுத்ததே புளித்த பாலிலிருந்துதான். தயிரில் அது சுமார் ஒரு சதவீதம் இருக்கும், பி.எச்.சும் நாலு, நாலரை. அதனால் மிகவும் சாது. பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் தோல் கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், பெரிய நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மகளின் 5 சதவீத லாக்டிக் சீரம் அதே குடும்பத்தின் படித்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடலை மாவு, பயத்தமாவு சோப்புக்குப் பதிலாக நல்லவைதான். ஆனால் நமக்குத் தேய்க்கிற பழக்கம். பாத்திரம் விளக்குகிற கையோடு முகத்துக்கு வருகிறோம். சல்லடையில் நைசாகச் சலித்து, குழைத்து, தடவிக் கழுவினால் போதும். பீர்க்கங்கூடு முகத்தின் பக்கமே வர வேண்டாம்.

எலுமிச்சையை மட்டும் ரசத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பி.எச். இரண்டு, இரண்டரை. சீரத்துக்குச் சொன்ன 3.5 எல்லையைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடுமை. அது போக, எலுமிச்சை வகைப் பழங்களில் உள்ள ஒரு வேதிப்பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலில் கொப்புளம் எழுப்பும். அது ஆறிய பிறகு பழுப்புத் திட்டாக மாதக்கணக்கில் நிற்கும். முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடியில் வடாம் பிழியப் போகிறவர்களுக்கு இது வரும்.

உங்கள் வயதில் செல் உதிர்வது மெதுவாகும், எண்ணெய்ச் சுரப்பும் குறையும். குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். மகளிடமே அந்த லாக்டிக் சீரத்தைக் கேட்டு வாரம் ஒரு இரவு போட்டுப் பார்க்கலாம். காலையில் அவளுடைய சன்ஸ்கிரீனையும் மறக்காமல் கேளுங்கள்.

19 வயது, மதுரையில் கல்லூரி மாணவன். மூக்கில் கருப்புக் குருணை நிறைய. ஸ்க்ரப் போட்டுத் தேய்த்தால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுகிறது. அழுக்கு எப்படிச் சேர்கிறது என்றே தெரியவில்லை.

அது அழுக்கில்லை தம்பி. துவாரத்தில் எண்ணெயும் இறந்த செல்லும் அடைத்து நிற்க, மேல்முனை காற்றுப் பட்டுக் கருத்திருக்கிறது. தேய்த்தால் முனைதான் போகும்.

உனக்கு சாலிசிலிக் ஆசிட் பொருந்தும். மற்றவை தண்ணீரில் கரைபவை. இது எண்ணெயில் கரையும், அதனால் துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். ஃபேஸ்வாஷில் இருந்தால் அரை நிமிடத்தில் கழுவிப்போகிறது, பலன் குறைவு. 2 சதவீத சீரமாக, மூக்கிலும் நெற்றியிலும் மட்டும், வாரம் மூன்று இரவு. ஷேவ் செய்த அன்று வேண்டாம். தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய் நெற்றிக்கு வழியாமல் பார்த்துக்கொள், பாதி அடைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஒரு எச்சரிக்கை. படர்தாமரைக்கு வாங்கும் விட்ஃபீல்டு களிம்பிலும் 3 சதவீத சாலிசிலிக் ஆசிட் உண்டு, கால் ஆணி மருந்தில் இன்னும் பல மடங்கு அதிகம். ‘அதே ஆசிட்தானே’ என்று அதை மூக்கில் பூசிக்கொண்டு வந்த பையன்களை எனக்குத் தெரியும்.

பெயர் வேண்டாம் டாக்டர். கன்னத்தில் மங்கு. மருந்துக் கடையில் கொடுத்த க்ரீமை எட்டு மாதமாகப் போடுகிறேன். போட்டால் வெளுக்கிறது. நான்கு நாள் நிறுத்தினால் முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது. இதோடு ஆசிட் சேர்க்கலாமா?

சேர்க்கவே கூடாது. ட்யூபின் பின்பக்கம் பாருங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாய்ன் என்ற இரண்டு பெயரோடு மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று மூன்றாவதாக ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சில வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் போட வேண்டிய மருந்து. பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியும் கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், நரம்பு போலச் சிவப்புக் கோடுகள் தெரியும், நிறுத்தினால் நீங்கள் சொல்கிற எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி போடுவதுதான் இதன் பொறி.

நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். இந்த வாரமே ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு உண்டு. கடையில் கொடுத்தார்கள் என்று சொல்ல வெட்கப்படாதீர்கள், எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதே கதைதான். மங்குக்கு வெயிலைப் போலவே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் எதிரி. அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் சன்ஸ்கிரீன் உங்களுக்கு மற்றதைவிட உதவும். எரிச்சல் அடங்கிய பிறகு அதைக் கேட்டு வாங்குங்கள்.

நான்கு மாதக் கர்ப்பம். எதை நிறுத்த வேண்டும்?

ரெட்டினால், ட்ரெட்டினாய்ன் வகைகளையும் ஹைட்ரோகுயினோனையும் நிறுத்துங்கள். லாக்டிக், கிளைகாலிக் குறைந்த அளவில் போடலாம். சாலிசிலிக்கை உடம்பு முழுக்கப் பூசுவதும் கிளினிக் பீலும் வேண்டாம். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் பாட்டிலையே காட்டிவிடுங்கள்.

மேல்கை முழுக்க உப்புத்தாள் போலச் சொரசொரப்பு. ஸ்லீவ்லெஸ் போட முடியவில்லை. அம்மாவுக்கும் இருக்கிறது.

பரம்பரையாக வருவது. முடி முளைக்கும் துவாரத்தில் கெரட்டின் என்ற புரதம் முடிச்சுப் போட்டு நிற்கிறது. கிள்ளாதீர்கள், கருக்கும். வேன் ஸ்காட், ரூயி யூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974-ல் லாக்டிக், கிளைகாலிக் போன்ற ஆசிட்களைப் பற்றி எழுதியது அழகுக்காக இல்லை, மீன் செதில் போலத் தோல் தடிக்கும் நோயாளிகளுக்காக. உங்கள் கைக்குப் பொருந்துவதும் அந்த வழிதான். 12 சதவீத அம்மோனியம் லாக்டேட் லோஷன் அல்லது யூரியா கலந்த க்ரீமை, குளித்ததும் ஈரக் கையில் தினமும் தடவுங்கள். மேல்கைத் தோல் முகத்தைவிடத் தாங்கும், எரிந்தால் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு மாதத்தில் வழவழப்பாகும். விட்டால் திரும்ப வரும், அப்போது மறுபடி தடவ வேண்டியதுதான். அம்மாவுக்கும் அதே பாட்டில் போதும்.